தண்டபாணி சாரின் இரண்டு காப்புகள்

பொன்னாவரம் உயர்நிலைப் பள்ளியில் அன்று காலைப் பிரார்த்தனை முடிந்ததும், தலைமையாசிரியர் தண்டபாணி ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பி, "மாணவச் செல்வங்களே, பொறுமை என்பது..." என்று தொடங்கினார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. நெற்றி வியர்த்தது. விரல்கள் நடுங்கின. மூன்று நாள் பட்டினி கிடந்தவனைப் போல ஒரு பசி வயிற்றைப் பிடுங்கியது. காலையில் ஏழு இட்லி சாப்பிட்டிருந்தார்.

அதே நேரத்தில் ஐந்தாம் வகுப்பு வரிசையின் பக்கத்தில் நின்ற கீர்த்தனா டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டார். கொடிக்கம்பத்தடியில் நின்ற விளையாட்டு ஆசிரியர் லோகநாதன் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு, "சார், எனக்கும் வந்துருச்சுங்க!" என்று கூவினார்.

மூவரும் ஒரே இடத்தை நோக்கி ஓடினார்கள். ஐந்தாம் வகுப்பு வரிசையின் நடுவில், பத்து வயது நிறைமதி குளுக்கோஸ் பொட்டலத்தை ஏற்கெனவே பிரித்து வாயில் கொட்டியிருந்தாள். உதடெல்லாம் வெள்ளைப் பொடி.

"பார்த்துட்டேனுங்க சார். எழுபதுக்குக் கீழே போயிருச்சு. இப்ப ஏறிரும். நீங்க போய்ப் பேசுங்க" என்றாள்.

"நான் எங்க கண்ணு பேசறது? கால் நிக்க மாட்டேங்குது" என்று தலைமையாசிரியர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளுக்குச் சர்க்கரை ஏறும் வரையில் அவருக்கும் நடுக்கம் நிற்காது. ஆக, கால் மணி நேரம் பள்ளிக்கூடமே அசையாமல் நின்றது. பொறுமை என்றால் என்ன என்று அன்றைக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் அந்த மூவரின் மணிக்கட்டிலும் இருந்த சாம்பல் நிற வளையம்.

நிறைமதிக்கு ஆறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. அவள் மிட்டாய் தின்று வந்ததல்ல, அம்மா ஏதோ தவறு செய்து வந்ததுமல்ல. இன்சுலின் சுரக்க வேண்டிய உறுப்பு தன் வேலையை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். கையில் ஒட்டிய ஒரு சிறு வில்லை சர்க்கரையின் அளவைச் சொல்லும். இடுப்பில் தீப்பெட்டி அளவு பம்ப் ஒன்று இன்சுலினைச் செலுத்தும். ஒவ்வொரு முறை சாப்பிடும்போதும் எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று அந்தப் பம்புக்குச் சொல்ல வேண்டும். இத்தனையும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் பள்ளியின் தாளாளர் சென்னியப்பனுக்கு இதெல்லாம் போதவில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒருமுறை அவள் மயங்கி விழுந்தபோது, "புள்ளைய வேண்டாம்னு சொல்லலீங்க. ஆனா அம்மா கூடவே இருக்கோணும்" என்று சொல்லிவிட்டார். அவள் அம்மா வைஷாலி பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடங்களாகப் பள்ளியின் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாள். மழை வந்தால் சைக்கிள்களோடு நனைந்தாள். அம்மா அங்கே இருப்பது தெரிந்ததால் நிறைமதி சன்னல் பக்கமே திரும்புவதில்லை. கோகோ அணியில் அவளைவிட வேகமாக ஓடுகிறவள் கிடையாது. ஆனால் வெளியூர்ப் போட்டிக்கு அவளை அழைத்துப் போனதும் கிடையாது.

அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம் ஆடி கழிந்ததும் கோயம்புத்தூரிலிருந்து ஆதிரை என்ற இளம் பொறியாளர் வந்தாள். ஆசிரியர் அறையில் மேசைமேல் வளையங்களை அடுக்கி வைத்தாள்.

"இதைக் கட்டிக்கிட்டா, அந்தப் பாப்பாவுக்கு என்ன ஆகுதோ அதோட சாயல் உங்க உடம்புக்குத் தெரியும். சர்க்கரை குறைஞ்சா பசி, நடுக்கம், வியர்வை. ஏறிப்போச்சுன்னா தாகம், அடிக்கடி பாத்ரூம். நரம்புக்கு ஒரு சின்னச் சைகை, அவ்வளவுதான். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப எனக்கும் சுகர் ஒட்டிக்குமாங்க?" என்று கேட்டார் லோகநாதன்.

"ஒட்டாதுங்க. இது ஒட்டுற நோயே இல்ல."

"எனக்கு ஏற்கெனவே சுகர் இருக்குதே, அம்மிணி" என்றார் தாளாளர். "ரெண்டும் சேர்ந்துட்டா?"

"உங்களோடது வேற வகைங்க ஐயா. நீங்க மாத்திரையிலயும் நடையிலயும் சமாளிக்கறீங்க. இந்தப் பாப்பாவுக்கு இன்சுலின் இல்லாம ஒரு நாள்கூட ஆகாது."

"நான் எங்க நடக்கறேன்" என்று தாளாளர் முணுமுணுத்தார்.

தண்டபாணி வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் ஒரு லட்டு தின்னா எனக்கு நடுக்கம் நின்னுருமா?"

"நிக்காது சார். பாப்பா சாப்பிட்டாத்தான் நிக்கும். அதுதான் இதோட விசேஷமே. அப்புறம் இன்னொண்ணு. முதல்ல பாப்பா கையில இருக்கற எண்ணைப் பாருங்க, பாப்பாகிட்டக் கேளுங்க. அதுக்கப்புறம் குடுங்க. குறையும்போது குடுக்கற குளுக்கோஸை மட்டும் பம்புக்குச் சொல்லக் கூடாது. மத்த எல்லாத்தையும் சொல்லணும்."

இணைப்புப் பெட்டியைத் தலைமையாசிரியர் அறையிலிருந்த ஒரே ஒரு பிளக் பாயிண்டில் மாட்டினாள். பள்ளிக்கூட எல்லைக்குள் மூன்று வளையங்களுக்கும், பனியன் கம்பெனிக்குத் திரும்பப்போகும் அம்மாவின் நான்காவது வளையத்துக்கும் அந்தப் பெட்டியிலிருந்துதான் செய்தி போகும்.

நோன்புக்குக் காப்புக் கட்டுகிற ஊர் அது. கட்டியதை இடையில் அவிழ்க்கக் கூடாது என்று தெரிந்ததும், ஊரார் அந்த வளையத்துக்கும் காப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

தாளாளர் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "ஒரு தடவை ஏதாச்சும் கோளாறுன்னாலும் அம்மா திரும்ப வந்து உக்காரோணும். மேட்சும் கிடையாது."

முதல் மாதம் வேடிக்கையாகத்தான் போயிற்று. பசி வந்ததும் கீர்த்தனா டீச்சர் பழக்கதோஷத்தில் முதலில் தானே ஒரு போண்டாவைச் சாப்பிட்டுவிட்டு, அது நிற்காததைக் கண்டு, "ஐயையோ, புள்ள!" என்று ஓடுவார். இரண்டு மாதத்தில் அவருடைய ரவிக்கைகள் எல்லாம் தையற்காரரிடம் போயின. விநாயகர் சதுர்த்திக்கு யாரோ நிறைமதிக்குக் கொடுத்த நான்கு கொழுக்கட்டைகளை அவள் பம்புக்குச் சொல்ல மறந்த அன்று, மூன்று ஆசிரியர்களும் கழிப்பறை வாசலில் வரிசையில் நின்றார்கள்.

ஆனால் தண்டபாணியின் உள்ளே வேறொன்றும் நடந்தது. முன்பெல்லாம் அந்தப் பெண் மேசையில் தலை கவிழ்ந்தால் பாசாங்கு என்று நினைத்திருக்கிறார். ஒருநாள் வகுப்புக்கு வெளியே நிற்கவும் வைத்திருக்கிறார். இப்போது அந்த நடுக்கம் தம் விரல்களிலேயே வந்து உட்கார்ந்தபோது, மாலையில் வீட்டுப் பூசையறையில் முருகன் படத்தின் முன் வெகுநேரம் கைகூப்பி நின்றார். மறுநாள் முதல், எந்த வகுப்பிலும் எந்தப் பிள்ளையும் கேட்காமலே தண்ணீர் குடிக்கலாம், கழிப்பறைக்குப் போகலாம் என்று அறிவித்தார்.

வைஷாலி பனியன் கம்பெனிக்குத் திரும்பினாள். நிறைமதியின் பெயர் கோகோ அணியில் ஏறியது. தாராபுரத்தில் போட்டி. தீபாவளிக்குப் பிந்திய இரண்டாம் சனிக்கிழமை.

இந்த நேரம் பார்த்துத்தான் கந்த சஷ்டி வந்தது.

தண்டபாணி சஷ்டி விரதத்தை ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. முதல் நாள் கோயிலில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டிக்கொண்டார். வலது மணிக்கட்டில் சாம்பல் வளையம், அதன் மேலேயே மஞ்சள் கயிறு. ஆறு நாளும் பகலில் தண்ணீர் மட்டும். இரவில் ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம்.

இரண்டாம் நாள் பதினோரு மணி வாக்கில் அவர் கை நடுங்கத் தொடங்கியது. நெற்றி வியர்த்தது. வயிறு பிடுங்கியது. ஐந்தாம் வகுப்பை நோக்கி வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடினார்.

"கண்ணு, குளுக்கோஸ் போடு!"

நிறைமதி கையைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கேனுங்க சார். நூத்தி நாப்பது காட்டுது."

"அது பழசு அம்மிணி. கொஞ்சம் பிந்தித்தான் காட்டும்னு அந்தக் கோயமுத்தூர்ப் புள்ளயே சொல்லுச்சு. எண்ணு பொய் சொல்லும், உடம்பு சொல்லுமா? என்ற கையப் பாரு!"

அவர் கை உண்மையிலேயே நடுங்கியது. நிறைமதி அந்தக் கையைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"பம்புக்குச் சொல்லாதே. குறையும்போது சொல்லக் கூடாது" என்று நினைவூட்டினார் தண்டபாணி. பாடத்தைச் சரியாகத்தான் படித்திருந்தார். தேர்வுதான் வேறு.

நடுக்கம் நிற்கவில்லை. எனவே ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார். அதற்கும் நிற்கவில்லை. இன்னொன்று கொடுத்தார்.

ஒரு மணி நேரத்தில் கீர்த்தனா டீச்சர் பாடத்தின் நடுவே சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தார். லோகநாதன் மைதானக் குழாயில் வாயை வைத்தவர் எடுக்கவில்லை. தண்டபாணிக்கும் நாக்கு வறண்டது. "விரதம்னா நாக்கு வறளத்தானே செய்யும். முருகா, ஏத்துக்கோ" என்று ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்தார். தம் பசியை அவளுடையது என்றும், அவள் தாகத்தைத் தம்முடையது என்றும் எடுத்துக்கொண்டிருப்பது அந்த நல்ல மனிதருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாளும் இப்படியே. நான்காம் நாள் அவர் வரும் சத்தம் கேட்டதுமே நிறைமதி பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள்.

அன்றைக்குத் தாளாளர் வந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது கழிப்பறையை நோக்கி ஓடும் லோகநாதன். இரண்டாவது, அங்கிருந்து வந்து, பாதி வழியில் திரும்பி மறுபடியும் ஓடும் கீர்த்தனா.

"என்னுங்க இது, பள்ளிக்கூடமா, ரயில்வே ஸ்டேஷனா?" என்றார். விஷயம் தெரிந்ததும் முகம் கறுத்தது. "மூணு நாளா ஏறியே கிடக்குதா? நாலு பேர் காப்புக் கட்டியும் ஒரு புள்ளயப் பார்க்க முடியல. அம்மாவ வரச் சொல்லுங்க. பழையபடி வந்து உக்காரட்டும். மேட்சும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

வரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வைஷாலி தானாகவே வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"சார், மூணு நாளா எனக்குத் தாகந் தாங்கலை. மெஷினை விட்டுட்டு விட்டுட்டு ஓடறேன். சூப்பர்வைசர் அம்மா, 'உனக்கு வேலை இங்கயா, பாத்ரூம்லயா?'ன்னு எல்லார் முன்னாலயும் கேக்கறாங்க. இவளுக்கு யார் என்ன குடுக்கறீங்க இங்க?"

நிறைமதியைத் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்து வந்தார்கள். உடன் அவள் தோழி சனாவும் அழையாமலே வந்து கதவோரம் நின்றுகொண்டாள். கீர்த்தனா டீச்சர் ஏறிய சர்க்கரைக்கு வேண்டிய அளவைப் பம்பில் சரிபார்த்துச் செலுத்தினார்.

"குளுக்கோஸ்தான் குடுத்தேனுங்க" என்றார் தண்டபாணி. "குறைஞ்சா குடுக்கோணுமில்ல?"

"எப்பங்க சார் குறைஞ்சுது? எனக்கு ஒரு தடவைகூட நடுக்கம் வரலையே!" என்றாள் வைஷாலி.

"எனக்கும் வரலீங்க" என்றார் கீர்த்தனா.

"எனக்கும்" என்றார் லோகநாதன். பிறகு தலைமையாசிரியரின் மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார். "சார், கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. காலைல என்ன சாப்டீங்க?"

"விரதமுங்க. ஒண்ணும் சாப்பிடல."

"நேத்து?"

"விரதம்."

சுவரிலிருந்த முருகன் படத்துக்கு முன் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. சனாதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் லோகநாதனின் தோள் குலுங்கியது. கோபத்தோடு வந்த வைஷாலிகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப, நடுங்குனது... என்ற பசியா?" என்றார் தண்டபாணி.

"உங்களோடதுதானுங்க சார்" என்றாள் சனா.

வைஷாலி மகளின் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமல்ல, குறையலைன்னு? அப்புறம் எதுக்குடி தின்னே?"

நிறைமதி தரையைப் பார்த்தாள்.

"சார் கை நெம்ப நடுங்குச்சும்மா. நான் சாப்பிட்டாத்தான் அவங்களுக்கு நிக்கும்னு ஆதிரை அக்கா சொன்னாங்க. என்னாலதான் நடுங்குதோன்னு நெனைச்சேன். சார் பாவம், விரதம் வேற. அதான்..."

"எனக்காகவா தின்னே?" தண்டபாணியின் குரல் இறங்கிப்போயிற்று.

"தலை வலிச்சுதுங்க. ஆனா பரவாயில்லீங்க சார். உங்களுக்கு நின்னாப் போதும்னுதான்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். பிள்ளையைப் பெரியவர்கள் சுமப்பதற்காகத்தான் அந்த வளையங்கள் வந்தன. இங்கே பெரியவரைப் பிள்ளை சுமந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

தண்டபாணி தம் மணிக்கட்டை முருகன் படத்துக்கு முன் நீட்டினார். "ரெண்டு காப்பு கட்டிப்போட்டேன், சாமி. ஒண்ணு உனக்கு, ஒண்ணு இவளுக்கு. ஒரே கையில ரெண்டும் நிக்க மாட்டேங்குது. உனக்குப் பசி தெரியும், நீ பொறுத்துக்குவே." பிறகு திரும்பி, "யாருகிட்டயாச்சும் இட்லி இருக்குதா?" என்று கேட்டார்.

கீர்த்தனா டீச்சரிடம் எப்போதும் இருந்தது.

இரண்டாவது இட்லியிலேயே நடுக்கம் நின்றது. அந்த அறையில் அதைவிடத் தெளிவான ஆராய்ச்சி எதுவும் நடந்திருக்க முடியாது.

கை கழுவிவிட்டு வந்து தாளாளரின் முன் நின்றார். "தப்பு என்னோடதுங்க. புள்ள எண்ணைச் சொல்லுச்சு, வாயத் தொறந்து சொல்லுச்சு. நான் கேக்கல. தண்டிக்கறதுன்னா என்னையத் தண்டிங்க. வேணும்னா சைக்கிள் ஸ்டாண்டுல நான் உக்காந்துக்கறேன். அந்தம்மா வேலைக்குப் போகட்டும். புள்ள மேட்சுக்குப் போகட்டும்."

"தாராபுரத்துல உங்க வளையம் வேலை செய்யாதுங்களே?" என்றார் தாளாளர்.

"அதான் பார்த்தோமே, வேலை செஞ்சு என்ன ஆச்சுன்னு. கேட்டுக் கேட்டுப் பாத்துக்குறோமுங்க."

சென்னியப்பன் மீசையை நீவினார். "நானும் வருவேன். என் கண்ணு முன்னால ஏதாச்சும் ஆச்சுன்னா அத்தோட முடிஞ்சுது" என்றார்.

சூரசம்ஹாரத்தன்று, பாதியில் விட்ட விரதத்துக்குப் பரிகாரமாகத் தண்டபாணி தம் அறை முருகனுக்குச் சரவிளக்குப் போட்டார். பச்சையும் சிவப்புமாக அது மாறி மாறி மின்னியது. சாமி சிரிப்பது போல் இருந்தது அவருக்கு.

அடுத்த வாரமெல்லாம் பள்ளிக்கூடம் அமைதியாக இருந்தது. குறைந்தபோது கீர்த்தனா போய்க் கேட்டார், எண்ணைப் பார்த்தார், கொடுத்தார். ஏறியபோது லோகநாதன், "தண்ணி குடி அம்மிணி, டீச்சரப் பாரு" என்றார். வைஷாலியிடமிருந்து ஒரு புகாரும் இல்லை.

சனிக்கிழமை தாராபுரம் மைதானத்துக்குத் தாளாளர் தம் காரில் வந்து இறங்கினார். பின் இருக்கையில் ஒரு முழுப் பூவன் வாழைத்தார் படுத்திருந்தது.

"எதுக்குங்க இத்தனை?" என்றார் லோகநாதன்.

"புள்ளைக்குக் குறைஞ்சா?"

"ஒரு பழம் போதுமுங்க."

"மத்தது நமக்கு. நமக்கும் குறையுமல்ல?"

தண்டபாணி எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு, நிறைமதி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "எப்படி இருக்குது கண்ணு? நடுங்குதா?" என்று கேட்டார். நான்காம் முறை அவள் ஓட்டத்தை நிறுத்தாமலே, "நீங்க கேட்டுக்கிட்டே இருந்தா எனக்கு நடுங்கிருமுங்க சார்!" என்று கத்திவிட்டுப் போனாள். எதிரணிப் பெண்கள்கூடச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தார். ஆனால் முந்திக்கொண்டது அவர் அல்ல. துரத்தும் வரிசையில் உட்கார்ந்திருந்த சனா சட்டென்று கையை உயர்த்தினாள். "சார்! நிறைமதிய மாத்துங்க. அவளுக்குக் குறையுது."

எண்ணைப் பார்த்தார்கள். எழுபதுக்கு வந்து, கீழே இறங்கிக்கொண்டிருந்தது. லோகநாதன் மாற்று ஆட்டக்காரியை அனுப்பினார். நிறைமதி பழச்சாற்றைக் குடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்தாள். தாளாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தம் துண்டால் அவளுக்கு விசிறினார். கால் மணி நேரம் விசிறிக்கொண்டே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண் ஏறியதும், "நெஜமாவே ஏறிருச்சா? அப்ப போ, போ, ஓடு" என்று முதல் ஆளாகக் கத்தியவர் அவர்தான்.

ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். எதிரணிக்கும் சேர்த்துப் பழம் விநியோகித்ததில் தார் காலியாயிற்று.

திரும்பும் பேருந்தில் தண்டபாணி சனாவிடம் கேட்டார். "எப்படி அம்மிணி உனக்குத் தெரிஞ்சுது?"

"இடது காதைச் சொறிவாளுங்க சார் அவ. குறையும்போது மட்டுந்தான். ஏறுச்சுன்னா யார் பேசுனாலும் எரிஞ்சு விழுவா. 'போடி'ன்னு ரெண்டு தடவை சொன்னான்னா தண்ணி பாட்டிலை எடுத்துக் குடுத்துருவோம்."

"குடுத்துருவோமா? யாரெல்லாம்?"

ஐந்தாம் வகுப்புப் பெண்கள் சட்டைக் கையை மடித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு மணிக்கட்டிலும் பச்சைக் கம்பளி நூல். கைவினை வகுப்பில் மிஞ்சியது. நைந்து, சாயம் போயிருந்தது.

"மூணாவதுல அவ மயங்கி விழுந்தா பாருங்க, அப்பக் கட்டுனதுங்க சார். அறுந்தா வேற கட்டிக்குவோம். உங்களுக்கு வந்த காப்புக்கெல்லாம் முன்னாடியே" என்றாள் சனா. தண்டபாணி தம் சாம்பல் வளையத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து விட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஆதிரை வந்தாள். வழக்கமான சோதனை. தலைமையாசிரியர் அறையில் நுழைந்து, பெட்டியைத் தேடி, சுவரின் பக்கம் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"சார், இதை யார் கழட்டினது?"

"எதையம்மா?"

ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் முருகனின் சரவிளக்கு மாட்டியிருந்தது. பெட்டியின் வயர் கீழே சுருண்டு கிடந்தது.

"சூரசம்ஹாரத்தன்னைக்கு..." என்று தண்டபாணி இழுத்தார்.

"அன்னையிலிருந்து உங்க யாருக்கும் ஒண்ணும் வந்திருக்காது. பாப்பாவோட வில்லை மட்டும் அதுபாட்டுக்கு வேலை செஞ்சிருக்கு. அதுல பதிஞ்சதைப் பார்த்தேன். மூணு தடவை குறைஞ்சிருக்கு. மூணு தடவையும் நேரத்துக்கு ஏதோ குடுத்திருக்கீங்க. எப்படிக் குடுத்தீங்க?"

கீர்த்தனா டீச்சர் விழித்தார். "கை நடுங்குச்சே, அதான் போய்க் கேட்டேன்..." பிறகு யோசித்தார். "நடுங்குச்சா? இல்ல. காதைச் சொறிஞ்சா. சனா என்னையப் பாத்தா. நான் எந்திரிச்சுப் போனேன். நடுங்குச்சுன்னுதான் நானே நெனைச்சுக்கிட்டேனோ என்னவோ."

வைஷாலியைத் தொலைபேசியில் அழைத்தார்கள். "ஆமாங்க, பத்து நாளாப் பகல்ல ஒண்ணுமே வரலை" என்றாள் அவள். "பள்ளிக்கூடத்துல நல்லாப் பாத்துக்கறாங்கன்னு நெனைச்சேன். நாலு வருசத்துல முதல் தடவையா மத்தியானச் சோத்தை உக்காந்து சாப்பிட்டேனுங்க. ஏன் சார், ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலம்மா" என்றார் தண்டபாணி. "நீங்க சாப்பிடுங்க."

ஆதிரை எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றைக் கொண்டுவந்து, பெட்டியையும் விளக்கையும் சேர்த்தே மாட்டினாள். வளையங்கள் மூன்றும் ஒருமுறை அதிர்ந்து அடங்கின. "ரெண்டும் இருக்கட்டுமுங்க" என்றார் தலைமையாசிரியர். "துணைக்குத் துணை."

சொல்லிவிட்டு ஐந்தாம் வகுப்புக்கு நடந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நிறைமதி, எப்படி இருக்குது கண்ணு?"

அவள் கையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். நிலையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள்.

"எனக்கு நூத்திப் பத்துங்க சார். நல்லா இருக்கேன்" என்றாள். "அந்த நடுக்கம் உங்களுது. இன்னைக்கு என்ன விரதமுங்க?"

தண்டபாணி மாட்டிக்கொண்டார். "கிருத்திகை" என்றார் மெல்ல.

சனா எழுந்து பெஞ்சின் ஓரத்தில் இடம் விட்டாள். நிறைமதி பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, பாதி உரித்து நீட்டினாள். பழம் விரதத்துக்கு ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். நடுக்கம் நிற்கும் வரையில் ஐந்தாம் வகுப்பு முழுவதும் பொறுமையாகக் காத்திருந்தது.